முதலாளிக்குக் கிடைக்கும் அரை நிமிடம்

கொடகவெல பிரதான வீதியில் கடை வைத்திருக்கும் எவருக்கும் காலை ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் மூச்சு விட நேரமில்லை என்பது தெரியும். பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டி போகும் வீதி இது. சீமெந்து ஏற்ற வந்த லொறி ஒரு பக்கம், பில் போடச் சொல்லி நிற்பவர் ஒரு பக்கம், செக் மாற வேண்டிய நாள் இன்று என்று ஞாபகமூட்டும் தொலைபேசி அழைப்பு இன்னொரு பக்கம். இந்த நெருக்கடிக்குள் கஹவத்தையிலிருந்து பாஸ் பேசுவார். “வேலை எப்படி?” என்று நான் கேட்பேன். “ஒக்கொம ஹொந்தய் முதலாளி” என்பார். எல்லாம் நல்லது என்று அர்த்தம். நானும் சந்தோஷமாகத் தொலைபேசியை வைத்துவிடுவேன்.

அந்த இரண்டு வார்த்தைகளை நம்பியதால் நான் ஒரு லொறியை விற்க நேர்ந்தது. இந்த வாரம் அதைப் பற்றியே எழுதுகிறேன். ஹாட்வெயார் வியாபாரத்தோடு சிறிய கொந்தராத்துகளும் எடுத்துச் செய்யும் சகோதரர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது இது உதவலாம்.

2021 இன் நடுப்பகுதியில் கஹவத்தையில் ஒருவருக்கு ஆறு கடைகள் கொண்ட கட்டடமொன்றைக் கட்டிக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். மொத்தத் தொகை பேசி முடித்து, எழுதிக் கையொப்பமும் இட்டாயிற்று. அதே நேரத்தில் இங்கே ஒரு வீடும் பெல்மதுளையில் ஒரு களஞ்சியமும் நடந்துகொண்டிருந்தன. மூன்றுக்கும் மூன்று பாஸ்மார், மூன்று கொப்பிகள். டிசம்பரில் கஹவத்தை வேலை மேல்தட்டு கொங்கிரீட் போடும் கட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது எனக்கு 2022 பெப்ரவரி கடைசியில்தான் தெரிந்தது. மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயைத் தளர்த்தி விட்டது. 203 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. கம்பி விலையும் சீமெந்து விலையும் போன வேகத்தை இங்கே நான் சொல்லத் தேவையில்லை, நாம் எல்லோரும் அதைப் பார்த்தவர்கள்.

இதில் என்னை இன்றும் உறுத்துவது வேறொரு விடயம். அந்த மேல்தட்டுக்குத் தேவையான கம்பி டிசம்பரில் என் கடையிலேயே இருந்தது. அது எனக்கே தேவைப்படும் என்று தெரியாமல், வந்தவர்களுக்கெல்லாம் பழைய விலையில் விற்றுத் தீர்த்தேன். பிறகு ஏப்ரலில் என்னைப் போன்ற இன்னொரு வியாபாரியிடம் புதிய விலைக்கு வாங்கினேன். வேலையை முடித்துக் கொடுத்தேன், சொன்ன சொல்லை மாற்றவில்லை. ஆனால் லொறி போய்விட்டது.

பொருளாதார நெருக்கடி என் கையில் இருக்கவில்லை. வேலை பிந்தியிருக்கிறது என்பதை மூன்று மாதம் தெரியாமல் இருந்தது முழுக்க என் கையில் இருந்தது.

பதினான்கு படங்கள்

என் தங்கையின் மகன் கணினி படித்தவன், கொழும்பில் வேலை செய்கிறான். அவனிடம் விடயத்தைச் சொன்னேன். “மாமா, பெரிய கம்பனிகளில் மேலதிகாரிகளுக்கென்றே ஒரு திரை இருக்கும். எல்லா வேலைகளின் நிலைமையும் அதில் தெரியும். உங்களுக்கும் ஒன்று செய்து தருகிறேன்” என்றான். இதற்கு முன் ஒரு நிறுவனத்திடம் விலை கேட்டிருந்தேன். அவர்கள் சொன்ன தொகைக்கு இன்னொரு லொறியை விற்க வேண்டியிருக்கும். மருமகன் கூகுளின் இலவச அட்டவணையையும் படிவத்தையும் வைத்தே செய்யலாம் என்றான். நிரல் எழுதாமலேயே இவற்றைக் கைபேசிச் செயலியாக மாற்றும் ஆப்ஷீட் என்ற வசதியும் இருக்கிறது. கூகுள் அதை 2020இல் வாங்கியது. நம் தென்காசிப் பக்கத்து சோஹோ நிறுவனமும் 2006இலிருந்தே இப்படியான சேவைகளை நடத்தி வருகிறது. ஆகவே கருவி ஒரு பிரச்சினையே அல்ல.

இரண்டு வாரத்தில் செய்து கொண்டு வந்தான். பார்க்க விமானியின் அறை போல இருந்தது. வட்டம், கோடு, தூண் என்று பதினான்கு படங்கள். சீமெந்து எத்தனை மூடை, ஆட்கள் எத்தனை பேர், மணல் எத்தனை கியூப், மழை பெய்த நாட்கள் எத்தனை, எல்லாம் இருந்தன. நான் நான்கு நாள் பார்த்தேன், ஐந்தாம் நாள் விட்டுவிட்டேன். பிள்ளையின் மனம் நோகக் கூடாதென்று ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் அவன் கடைக்கு வந்து, நான் அதைத் திறக்கவே இல்லை என்பதைத் தானே கண்டுபிடித்தான்.

கோபப்படவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு அரை நாள் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பகல் சாப்பாட்டுக்குப் போகும்போது, “மாமா, உங்களுக்கு இரண்டு வாடிக்கையாளருக்கு நடுவில் கிடைப்பது அரை நிமிடம்தான். கையில் கண்ணாடியும் இல்லை. இந்த அரை நிமிடத்துக்குத்தான் நான் செய்திருக்க வேண்டும்” என்றான். அவன் படித்த படிப்பில் எனக்குப் பிரயோசனப்பட்டது இந்த அரை நாள்தான் என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு.

தோட்டத்துத் துரைக்கு என்ன தெரிந்தது?

இந்த யோசனை நம் பிரதேசத்துக்குப் புதிதல்ல. ரக்வானைப் பக்கத்துத் தோட்டங்களில் பழகியவர்களுக்கு இது தெரியும். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை எண்ணிப் பிரித்து அனுப்புவார்கள். கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை எழுதுவார். மாலையில் பெரிய துரையின் மேசைக்குப் போவது மூன்று நான்கு இலக்கங்கள் மட்டுமே: இன்று வேலைக்கு வந்தவர்கள் இத்தனை பேர், பச்சைக் கொழுந்து இத்தனை கிலோ, நேற்றைய கொழுந்திலிருந்து வந்த தேயிலைத்தூள் இத்தனை கிலோ. 100 கிலோ கொழுந்துக்கு 21, 22 கிலோ தூள் வர வேண்டும். அது குறைந்தால் நிறுவையிலோ ஆலையிலோ எங்கோ கோளாறு. நூற்றுக்கணக்கான ஏக்கர் தோட்டத்தை ஒரு துண்டுக் கடதாசியை வைத்து நடத்தினார்கள். செக்றோல் புத்தகம் முழுவதையும் துரை ஒவ்வொரு நாளும் வாசிக்கவில்லை. சந்தேகம் வந்தால் மட்டும் அதைக் கேட்டு வாங்குவார்.

பெரிய இடங்களிலும் இதுதான் நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் உச்சத்தில், 1940 ஆகஸ்டில், பிரித்தானியப் பிரதமர் சர்ச்சில் தன் அதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். நீளமான அறிக்கைகளை நிறுத்துங்கள், முக்கிய விடயங்களைச் சிறு பந்திகளில் தாருங்கள், விரிவான கணக்கைப் பின்னிணைப்பில் வையுங்கள் என்பதே அதன் சாரம். இந்தியாவில் கொங்கண் ரயில் பாதையையும் பிறகு டெல்லி மெட்ரோவையும் கட்டிய பொறியியலாளர் இ. ஸ்ரீதரன் இன்னும் எளிமையாகச் செய்தார். முடிக்க வேண்டிய நாளுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று பின்னோக்கி எண்ணும் கடிகாரங்களை அலுவலகங்களிலும் வேலைத்தளங்களிலும் மாட்டினார். அதில் இருந்தது ஒரேயொரு இலக்கம். மேசனும் அதைப் பார்த்தார், தலைவரும் பார்த்தார். மலைகளையும் ஆறுகளையும் கடந்து 700 கிலோமீற்றருக்கும் மேல் நீளும் கொங்கண் பாதை 1998இல் முழுமையாகத் திறக்கப்பட்டது.

இந்தியப் பிரதமர் அலுவலகம் 2015 மார்ச்சில் ‘பிரகதி’ என்ற பெயரில் ஒரு மேடையை ஆரம்பித்தது. நாடெங்கும் தடைப்பட்டு நிற்கும் பெரிய திட்டங்களைத் திரையில் வைத்து, மத்திய செயலாளர்களையும் மாநிலத் தலைமைச் செயலாளர்களையும் வீடியோவில் அழைத்துப் பேசும் ஏற்பாடு அது. நன்றாக நடக்கும் வேலைகளைக் கொண்டாட அந்தக் கூட்டம் இல்லை. எது நிற்கிறது, யாரிடம் நிற்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. நம் செயலியின் இரண்டாம் வடிவத்துக்கு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டோம்.

தொண்ணூறு வீதம் என்ற பொய்

“எத்தனை வீதம் முடிந்தது?” என்று ஒரு பாஸிடம் கேட்டுப் பாருங்கள். எண்பது என்பார். அடுத்த வாரம் தொண்ணூறு. அதற்கடுத்த ஆறு வாரமும் தொண்ணூறு. அவர் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. மனதில் அப்படித்தான் தோன்றும். கூரை போட்டுவிட்டால் வீடு முடிந்த மாதிரித்தான் எல்லோருக்கும் இருக்கும். பூச்சும் வயரிங்கும் தரையும் பெயின்ட்டும் சேர்ந்து எவ்வளவு காசையும் நாளையும் விழுங்கும் என்பது சாவி கொடுத்த பிறகுதான் தெரியும்.

ஆகவே வீதம் கேட்பதை நிறுத்தினோம். வேலை தொடங்க முன்பே அதைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் மொத்தச் செலவில் எத்தனை பங்கு என்று எழுதிவிடுகிறோம். அத்திவாரம், சுவர், லிண்டல், தட்டு அல்லது கூரை, பூச்சு என்று போகும். கட்டம் முழுதாக முடிந்தால்தான் அதன் பங்கு கணக்கில் ஏறும். பாதி முடிந்த பூச்சுக்குப் புள்ளி இல்லை. முடிந்ததென்று சொல்லும்போது ஒரு புகைப்படம் அனுப்ப வேண்டும். பாஸ் செய்வது இவ்வளவுதான்: கட்டத்தைத் தொடுவது, படம் எடுப்பது, ஏதாவது தேவையென்றால் குரலில் சொல்வது. அவருடைய திரை சிங்களத்தில், என்னுடையது தமிழில். முதலாவது வடிவத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததே பாஸ்மார் அதைத் தொடாததற்குப் பாதிக் காரணம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஓர் உதாரணத்துக்கு 80 இலட்சம் ரூபா கொந்தராத்து என்று வைத்துக்கொள்வோம். இதுவரை 48 இலட்சம் செலவாகிவிட்டது. அதாவது 60 வீதம். கையில் இன்னும் 32 இலட்சம் இருக்கிறதென்று மனம் ஆறுதலடையும். ஆனால் முடிந்த கட்டங்களின் பங்கு 40 வீதம் மட்டுமே. 40 வீத வேலைக்கு 48 இலட்சம் என்றால், இதே போக்கில் முழு வேலைக்கு 120 இலட்சம் போகும். ஆறுதல் தந்த அதே கொப்பிக்குள் 40 இலட்சம் நட்டம் ஒளிந்திருக்கிறது. இது என் கண்டுபிடிப்பல்ல. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தன் பெரிய கொந்தராத்துகளுக்கு 1967இலேயே இந்த முறையைக் கட்டாயமாக்கியது. நமக்கு ஏவுகணை வேண்டாம், ஆறு கடைகளுக்கே போதுமான கணக்கு இது.

என் திரையில் ஒவ்வொரு வேலைக்கும் இப்போது ஒரு வரிதான். பெயர், முடிந்த பங்கு, செலவான பங்கு, முடிக்க வேண்டிய நாளுக்கு மீதமுள்ள நாட்கள், ஒரு நிறம். செலவு வேலையை முந்தினால் மஞ்சள், அதிகமாக முந்தினால் சிவப்பு. சீமெந்து மூடைக் கணக்கும் மழை நாட்களும் தொலைந்து போகவில்லை. வரியைத் தொட்டால் உள்ளே இருக்கின்றன. நான் மாதத்தில் ஓரிரு தடவை தொடுவேன்.

சிவப்பைக் காட்டியவர்

செயலி வந்த முதல் மாதமே பெல்மதுளை வரி சிவப்பானது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தொலைபேசியை எடுத்து அந்தப் பாஸை ஏசினேன். கடையில் நின்றவர்களெல்லாம் கேட்கும்படி ஏசினேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் மூன்று வேலைகளும் பச்சையாகவே இருந்தன. எனக்கும் பெருமை. செயலி வேலை செய்கிறது, பாஸ்மார் திருந்திவிட்டார்கள் என்று நினைத்தேன். நான்காவது வாரம் நேரில் போய்ப் பார்த்தேன். பூச்சு முடிந்ததென்று வந்த படம் ஒரே சுவரைத்தான் காட்டியது. மற்ற மூன்று சுவர்களும் செங்கல்லாகவே நின்றன. வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. வத்தகப்பழம்!

பாஸிடம் கேட்டேன். வயதான மனிதர், பதினைந்து வருடமாக என்னோடு இருப்பவர். “சிவப்பு போட்டால் முதலாளி ஏசுகிறீர்கள், பச்சை போட்டால் ஏசவில்லை” என்றார். எனக்குப் பதிலில்லை.

பிறகுதான் மருமகன் போர்ட் கம்பனியின் கதையைச் சொன்னான். 2006 செப்டம்பரில் அலன் முலாலி என்பவர் போயிங்கிலிருந்து போர்ட் மோட்டார் கம்பனியின் தலைவராக வந்தார். வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை, எல்லா மேலதிகாரிகளும் தம் வேலைகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறத்தில் காட்ட வேண்டும் என்றார். முதல் வாரங்களில் எல்லாமே பச்சை. அந்த ஒரு வருடத்தில் மட்டும் கம்பனி 12 பில்லியன் டொலருக்கும் மேல் நட்டப்பட்டது! இவ்வளவு நட்டப்படும் இடத்தில் சரியில்லாத ஒன்றுகூட இல்லையா என்று அவர் கேட்டார். கடைசியில் மார்க் பீல்ட்ஸ் என்ற அதிகாரி, ‘எட்ஜ்’ என்ற புதிய வாகனத்தின் பின்கதவில் கோளாறு இருப்பதாகச் சொல்லி ஒரு சிவப்பைக் காட்டினார். அறை அமைதியாகிவிட்டது. இவருடைய வேலை போயிற்று என்று மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார், இதற்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். அந்த இடத்திலேயே ஆளுக்கு ஒரு யோசனை வந்தது. அதற்குப் பிறகுதான் திரைகள் உண்மையான நிறத்துக்கு மாறின. ஜெனரல் மோட்டர்ஸும் கிரைஸ்லரும் 2009இல் வங்குரோத்துக்குப் போனபோது போர்ட் போகவில்லை. சிவப்பைக் காட்டிய பீல்ட்ஸ் 2014இல் முலாலிக்குப் பின் தலைவரானார். பிற்காலத்தில் அவர் அந்தப் பதவியில் எப்படி இருந்தார் என்பது வேறு கதை.

நான் கைதட்டவில்லை, அது நம் வழக்கமும் அல்ல. அடுத்த நாள் அந்தப் பாஸைக் கடைக்கு வரச் சொல்லி, தேநீர் கொடுத்து, எல்லோர் முன்பும் ஏசியது என் பிழை என்று எல்லோர் முன்பும் சொன்னேன். வாய் கசந்தது, ஆனாலும் சொன்னேன். இன்னொரு மாற்றமும் செய்தோம். சிவப்பு வந்தால் செயலி என்னிடம் முதலில் கேட்பது “என்ன தேவை?” என்பதைத்தான். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் பாஸுக்கு அழைப்பு எடுக்கும் பொத்தான் வேலை செய்யாது. என் குணத்தை அறிந்து மருமகன் வைத்த பூட்டு அது.

திரையால் முடியாததும் உண்டு. பலாங்கொடைக்கு அருகில் சமனலவெவ அணைக்கட்டு 1992இல் முடிந்தது. அதைக் கட்டியவர்களிடம் அட்டவணைகளுக்குக் குறைவிருந்திருக்காது. நீரை நிரப்பியபோது வலது பக்கக் கரைக்குள்ளால் ஒழுக ஆரம்பித்தது. ‘முடிந்தது’ என்ற கட்டத்துக்குள் மலைக்கு அடியில் இருக்கும் துளை தெரியாது. அதனால் நான் இப்போதும் கிழமைக்கு ஒரு தடவை ஒவ்வொரு வேலைத்தளத்துக்கும் நேரில் போகிறேன். முன்பு எங்கே போவதென்று தெரியாமல் போனேன், இப்போது எந்தச் சுவரைத் தட்டிப் பார்ப்பதென்று தெரிந்து போகிறேன்.

கடைசியாகச் சேர்த்த வரி

சென்ற வருடம் மருமகன் திரையின் மேலே இன்னொரு வரியைச் சேர்த்தான். ‘முடிவுக்காகக் காத்திருப்பவை’ என்று அதற்குப் பெயர். டைல்ஸ் நிறம், கதவு ஓடர், கூலி முற்பணம் போல யாராவது ஒருவரின் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ இல்லாமல் நகராத விடயங்கள் அதில் வரும். யாரிடம் நிற்கிறது, எத்தனை நாளாக நிற்கிறது என்றும் வரும். முதல் நாள் திறந்து பார்த்தேன். ஏழு விடயங்கள் நின்றன. இரண்டு வீட்டுக்காரரிடம், ஐந்து என்னிடம். ஒன்று பத்தொன்பது நாளாக நின்றது. ஒரு கதவு உரிமையாளருக்குப் பிடிக்குமா என்று கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி மறந்திருந்தேன். அந்தக் கதவுக்காகத் தச்சர் வேறு வேலைக்குப் போய்விட்டார். தச்சர் வராததால் பூச்சு நின்றது, பூச்சு நின்றதற்கு நான் பாஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கஹவத்தைக் கட்டடத்தின் பழைய கொப்பிகளை அதற்குப் பிறகு எடுத்துப் பார்த்தேன். 2021 நவம்பர் மாதத்துப் பக்கமொன்றில் பாஸின் கையெழுத்தில் சிங்களத்தில் ஒரு வரி இருந்தது. மேல்தட்டுக்குக் கம்பி அனுப்பச் சொல்லி முதலாளியிடம் கேட்டாயிற்று, இன்னும் பதில் இல்லை என்று எழுதியிருந்தார். கொப்பி மூன்று மாதமாக என் மேசை லாச்சிக்குள் இருந்திருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கைபேசியைத் திறந்தேன். மூன்று வரிகளில் இரண்டு பச்சை, ஒன்று மஞ்சள். மேலே காத்திருப்பது ஒன்று: எம்பிலிப்பிட்டி வீட்டின் தண்ணீர்த் தாங்கியை எங்கே வைப்பது, நான்கு நாள், என் பெயர். அந்த வீட்டுக்காரருக்கு இப்போதே அழைப்பு எடுக்கிறேன்.